டி. என். ராஜரத்தினம் பிள்ளை

திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (ஆகஸ்ட் 27, 1898 – டிசம்பர் 12, 1956) தமிழகத்தைச் சேர்ந்த புகழ் பெற்ற நாதசுவரக் கலைஞர் ஆவார். நாதசுவரச் சக்கரவர்த்தி என்று அழைக்கப்பட்டவர். இராக ஆலாபனையில், குறிப்பாகத் தோடி இராகத்தை விரித்து வாசிப்பதில் நிகரற்றவராகக் கருதப்பட்டார். கோயில் வீதியிலும் திருமணப் பந்தலிலும் மணிக்கணக்கில் ஒலித்து வந்த ஒரு கலை, மூன்று நிமிட இசைத்தட்டுக்குள்ளும் வானொலிக்குள்ளும் நுழைந்த காலத்தில் வாழ்ந்தவர் இவர். இவர் வாசிப்பை நேரில் கேட்டோர் இன்று அரிதாகிவிட்ட நிலையிலும், அந்த ஒலிப்பதிவுகள் வழியே இவருடைய தோடி தொடர்ந்து கேட்கப்பட்டு வருகிறது.

பிறப்பும் இளமையும்

ராஜரத்தினம் காவிரிக் கடைமடைப் பகுதியில், நாகப்பட்டினத்தை அடுத்த திருமருகலில் குப்புசாமி பிள்ளை, கோவிந்தம்மாள் ஆகியோரின் மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். ராஜரத்தினம் என்பது பின்னர் வழங்கிய பெயர். சிறு வயதிலேயே தந்தையை இழந்த இவரைத் தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை தம் பிள்ளையாக ஏற்று வளர்த்தார். பெயரின் முன்னுள்ள இரண்டு எழுத்துகளும் திருமருகல், நடேசன் என்பவற்றைக் குறிப்பன.

நடேச பிள்ளை தம் காலத்தின் தலைசிறந்த நாதசுவர வித்துவான்களுள் ஒருவர். திருவாவடுதுறை ஆதீனத்தின் கலைஞராக விளங்கியவர். ராஜரத்தினம் சிறுவனாக இருந்தபோதே அவரும் மறைந்தார். எனினும் ஆதீனத்துடன் குடும்பத்துக்கு இருந்த தொடர்பு விட்டுப்போகவில்லை. திருவாவடுதுறையே ராஜரத்தினத்தின் ஊராகவும் அடையாளமாகவும் ஆயிற்று. பிற்காலத்தில் இவரும் அந்த ஆதீனத்தின் வித்துவானாகத் திகழ்ந்தார்.

இவருடைய பயிற்சி குழலிலிருந்து தொடங்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. புகழ் பெற்ற வயலின் கலைஞரான திருக்கோடிக்காவல் கிருஷ்ண ஐயரிடம் முதலில் இசை பயின்றார். அதன் பின்னரே அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாதசுவரம் கற்றார். நன்றாகப் பாடவும் வல்லவர். குரலில் பாடிப் பார்த்த பின் குழலில் வாசிப்பவரின் இசைக்கும், விரல் பழக்கத்திலிருந்து பிறக்கும் இசைக்கும் வேறுபாடு உண்டு. ராஜரத்தினத்தின் வாசிப்பில் பாட்டுக்குரிய நீண்ட மூச்சும், குழைவும், திடீரென்று பாயும் பிருகாக்களும் இணைந்திருந்தமைக்கு இந்த இளமைப் பயிற்சியே அடிப்படை எனலாம்.

பெரிய மேளம்

ராஜரத்தினத்தின் சாதனையைப் புரிந்துகொள்ள, அவர் எந்த மரபிலிருந்து வந்தார் என்பதை அறிதல் வேண்டும். நாதசுவரம், தவில், சுருதிக்கான ஒத்து, தாளம் ஆகியவை சேர்ந்த குழுவுக்குப் பெரிய மேளம் என்று பெயர். தஞ்சைப் பகுதிக் கோயில்களில் நாளின் ஒவ்வொரு வேளைக்கும் உரிய இராகங்கள் இருந்தன. விடியலில் பூபாளம், பௌளி; பள்ளியறைக்குச் செல்லும் இரவு வேளையில் நீலாம்பரி. சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீரநாட்டையில் மல்லாரி. திருவிழா ஊர்வலங்களில் வீதி முனைகளில் சுவாமி நிற்க, வித்துவான் ஒரே இராகத்தை நள்ளிரவு தாண்டியும் வாசித்துக்கொண்டிருப்பார். கேட்போர் தரையில் துண்டை விரித்து அமர்ந்திருப்பர். மேடை, அனுமதிச் சீட்டு, கால அளவு எதுவும் இல்லை.

இந்த இசைக்கு அடித்தளம் நெல்லாகும். கோயில்களுக்கும் மடங்களுக்கும் நன்செய் நிலங்கள் இருந்தன. மேளக்காரர்களுக்குக் கோயில் ஊழியத்திற்கு ஈடாக நிலமோ நெல்லோ கிடைத்தது. அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்த பின் வரும் தை முதலான மாதங்களில் மிராசுதார் வீட்டுத் திருமணங்கள் நடைபெறும்; அவற்றில் எந்த வித்துவான் வாசித்தார் என்பது அந்தக் குடும்பத்தின் பெருமையாகப் பேசப்படும். செட்டிநாட்டு நகரத்தார் இல்லத் திருமணங்களும் இக்கலைஞர்களுக்குப் பெரும் ஆதரவாக அமைந்தன.

ஆயினும் கலைக்குக் கிடைத்த மதிப்பு கலைஞருக்குக் கிடைக்கவில்லை. நாதசுவரக் கலைஞர்களுள் பெரும்பாலோர் இசை வேளாளர் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். செல்வர் வீடுகளில் இவர்கள் மேலாடை அணியாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசிக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. வாய்ப்பாட்டு வித்துவான் மேடையில் அமர்ந்து பாடுவார். நாதசுவர வித்துவான் நின்றும் நடந்தும் வாசிப்பார். 1930களில் சுயமரியாதை இயக்கத்தினர் இந்த வழக்கத்தைப் பொது இடங்களில் எதிர்த்தனர். ராஜரத்தினம் எந்த இயக்கத்தையும் சாராமல், தம் நடத்தையால் அதை மீறினார்.

தோடி

தோடி, மேளகர்த்தா இராகங்களுள் எட்டாவதான அனுமத்தோடியைக் குறிக்கும். சுத்த ரிசபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிசாதம் என்பன இதன் சுரங்கள். தாளில் எழுதினால் எளிய வரிசையாகத் தோன்றும். ஆனால் இந்த இராகத்தின் உயிர் காந்தாரத்தின் அசைவில் உள்ளது. அந்தச் சுரம் ஓரிடத்தில் நிற்பதில்லை; ரிசபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே ஊசலாடியே தன்னைக் காட்டும். பஞ்சமத்தைத் தொடாமலே நெடுநேரம் சஞ்சாரம் செய்வதும் தோடிக்கு அழகு தரும்.

நாதசுவரத்தில் இதை வாசிப்பது எளிதன்று. விரல் துளைகள் ஏழு. அரைத் துளை மூடல், சீவாளியின் மேல் உதடு தரும் அழுத்தம், மூச்சின் வேகம் ஆகிய மூன்றும் சேர்ந்தே காந்தாரத்தின் அசைவு பிறக்கிறது. சீவாளி என்பது நாணல் வகைத் தட்டையிலிருந்து செய்யப்படும் ஊது நாக்கு. எச்சிலின் ஈரம் கூடினாலும் குறைந்தாலும் அதன் ஒலி மாறிவிடும். இத்தகைய கருவியில் ராஜரத்தினம் அடித்தாயியில் மெல்லத் தொடங்கி, ஒவ்வொரு சுரத்திலும் நின்று, மேல் தாயியில் உச்சத்தை அடைந்து, மீண்டும் இறங்கி வருவார். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற பெரும் தவில் கலைஞர்கள் இவருடன் வாசித்துள்ளனர்.

சமகாலத்தவரான திருவீழிமிழலைச் சகோதரர்கள் கீர்த்தனைகளைச் சொல் பிசகாமல், சாகித்தியத்தின் அசைகள் தெரியும்படி வாசிப்பதில் புகழ் பெற்றவர்கள். ராஜரத்தினத்தின் வலிமை ஆலாபனையில் இருந்தது. இவருடைய வாசிப்பின் தாக்கம் நாதசுவரக் கலைஞர்களோடு நின்றுவிடவில்லை. ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் வேகமான பிருகாப் பாணியில் ராஜரத்தினத்தின் நாதசுவரத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இசைத்தட்டுகள்

இந்தியாவில் வணிக நோக்கிலான ஒலிப்பதிவு 1902 இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியால் தொடங்கப்பட்டது. 1925 ஆம் ஆண்டு வரை பதிவு முறை முழுவதும் இயந்திர வகையைச் சேர்ந்தது. கலைஞர் ஒரு பெரிய கூம்பின் முன் வாசிப்பார். ஒலி அலையின் விசையே ஊசியை அசைத்து மெழுகில் தடம் கீறும். அதன் பின்னரே ஒலிவாங்கியும் மின் பெருக்கியும் பயன்பாட்டுக்கு வந்தன. இவ்வாறு மின்முறைப் பதிவு பரவிய தலைமுறையின் கலைஞர் ராஜரத்தினம்.

அரக்கால் ஆன அக்கால இசைத்தட்டு நிமிடத்திற்கு ஏறத்தாழ 78 சுற்றுகள் சுழலும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்திற்குச் சற்றுக் கூடுதலாகவே பதிவு செய்ய முடியும். இரு பக்கங்களையும் சேர்த்தாலும் ஆறேழு நிமிடங்களே. அதுவும் நடுவில் ஊசியை எடுத்து, தட்டைத் திருப்பிப் போட வேண்டும். திருவிழாவில் இரவெல்லாம் தோடி வாசித்தவருக்கு இது எத்தகைய நெருக்கடி என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இந்த நெருக்கடி தஞ்சைக்கு மட்டும் உரியதன்று. 1920களில் நியூயார்க் நகரின் ஆர்லெம் பகுதியில் கறுப்பினப் பியானோ கலைஞர்கள் ஸ்டிரைட் என்னும் பாணியை வளர்த்தனர். இடக்கை அடித்தாயிச் சுரத்துக்கும் நடுவிலுள்ள சுரக்கூட்டுக்கும் மாறி மாறித் தாவித் தாளத்தைக் காக்க, வலக்கை கற்பனையில் இறங்கும். வீட்டு விருந்துகளில் விடிய விடிய வாசித்துப் பழகிய அவர்களும் தட்டில் மூன்று நிமிடங்களுக்குள் அடங்க வேண்டியிருந்தது. அப்பாணியின் முன்னோடியான ஜேம்ஸ் பி. ஜான்சன் 1921 இல் ‘கரோலினா ஷவுட்’ என்னும் தம் படைப்பை இசைத்தட்டில் பதித்தார். அதே படைப்பு, தானியங்கிப் பியானோவில் ஓடும் துளையிட்ட காகிதச் சுருளாகவும் வெளிவந்தது. இளைஞராக இருந்த டியூக் எலிங்டன் அச்சுருளை மெதுவாக ஓடவிட்டு, விசைகள் தாமே இறங்குவதைப் பார்த்து அதைக் கற்றார்.

ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. ஜான்சனுடையது பகுதி பகுதியாக வகுக்கப்பட்ட படைப்பு. நேரத்திற்கு ஏற்ப ஒரு பகுதியை விடலாம், மீண்டும் வாசிக்காமல் தவிர்க்கலாம். ஆலாபனைக்கு அத்தகைய பகுதிகள் இல்லை. எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்பதை வாசிப்பவர் அந்தக் கணத்தில் தீர்மானிக்கிறார். அதை மூன்று நிமிடத்தில் வாசிப்பது என்றால், நீண்ட வாசிப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுப்பது போதாது. இராகத்தின் முகம் முதல் சில நொடிகளிலேயே தெரிய வேண்டும். ஏற்றமும் உச்சமும் முடிவும் அந்தச் சிறு இடத்திலேயே அமைய வேண்டும். ராஜரத்தினத்தின் தோடி இசைத்தட்டு இந்த வகையில் தனிச்சிறப்புடையது. அவசரம் தெரியாமல் அவர் அந்த நேரத்தை நிரப்பினார்.

அத்தட்டு பெரும் வரவேற்பைப் பெற்றது. ஒலிபெருக்கி பரவிய பின் திருமண வீடுகளிலும் திருவிழாப் பந்தல்களிலும் அது ஒலித்தது. ராஜரத்தினத்தை அழைத்து வர வசதியில்லாத ஊரிலும் ராஜரத்தினத்தின் தோடியைக் கேட்க முடிந்தது. கலை வரலாற்றில் இது சிறு மாற்றம் அன்று. அதுவரை ஒரு வித்துவானின் பாணியைக் கற்க விரும்பும் மாணவன் அவருடைய வீட்டில் தங்கிப் பணிவிடை செய்ய வேண்டும், அல்லது அவர் வாசிக்கும் ஊருக்கெல்லாம் பின்தொடர வேண்டும். இசைத்தட்டு வந்த பின், ஒரே சொற்றொடரை ஊசியைப் பின்னுக்கு நகர்த்தி எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம் என்றாயிற்று.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. பைரவி, காம்போதி, கல்யாணி, சண்முகப்பிரியா எனப் பல இராகங்களைச் சிறப்பாக வாசித்த கலைஞரைப் பொதுமக்கள் ஒரே இராகத்தோடு பிணைத்துவிட்டனர். மேலும், தட்டில் உள்ள தோடியே ராஜரத்தினத்தின் தோடி என்று கொள்வது பிழையாகும். அது அவர் வாசித்த எண்ணற்ற தோடிகளுள் ஒன்று, அதுவும் மிகச் சிறியது.

இக்குறையை ஓரளவு போக்கியது வானொலி. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 இலும், திருச்சி நிலையம் 1939 இலும் தொடங்கப்பட்டன. ராஜரத்தினத்தின் நாதசுவரம் வானொலியில் பெரும் வரவேற்புடன் ஒலிபரப்பாயிற்று. இசைத்தட்டை விட நீண்ட நேரம் வாசிக்க அங்கு இடம் இருந்தது. இன்று கிடைக்கும் நீண்ட பதிவுகளைக் கேட்போர், தட்டில் சில நொடிகளில் கடந்து போகும் ஒரு பிடியை அவர் எவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வருகிறார் என்பதை ஒப்பிட்டு அறியலாம். இசை மாணவர்களுக்கு இந்த ஒப்பீடு மிகுந்த பயன் தரும்.

தோற்றமும் தன்மதிப்பும்

ராஜரத்தினம் குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்துக்கொண்டார். சட்டை, நீண்ட கோட்டு, சரிகை வேட்டி, கழுத்தில் சங்கிலி, விரல்களில் மோதிரங்கள் என அரசருக்குரிய தோற்றத்தில் வந்தார். அமர்ந்து வாசிக்க மேடை வேண்டும் என்று கேட்டார். உயர்ந்த ஊதியம் கேட்டார். மதிப்புக் குறைவு என்று தோன்றினால் வாசிக்க மறுத்தார். இவற்றைச் செருக்கு என்று கண்டித்தோர் உண்டு. மேலாடை அணியக் கூடாது என்று விதித்த அதே வீடுகளின் முன் ஒரு நாதசுவரக் கலைஞர் கோட்டு அணிந்து வந்து இறங்கியதன் பொருளை அவருடைய சக கலைஞர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். பின்வந்த தலைமுறையினர் சட்டை அணிந்து மேடையில் அமர்ந்ததற்கு இவர் வழி திறந்தார்.

இதன் மறுபக்கத்தையும் கூறுதல் வேண்டும். ஒப்புக்கொண்ட கச்சேரிக்கு வராமலிருப்பது, மிகத் தாமதமாக வருவது ஆகியவை இவருக்கு வழக்கமாகவே இருந்தன. மதுப் பழக்கமும் இருந்தது. ஈட்டிய பெரும் பொருளைச் சேர்த்து வைக்கவில்லை. அவரைப் பற்றி வழங்கும் கதைகள் ஏராளம். ஊருக்கு ஊர் மாறுபடும் அவற்றில் பல, மனிதரை விடக் கதை சொல்வோரின் வியப்பையே காட்டுகின்றன.

கருவியில் மாற்றம்

பழங்காலத்தில் பெரிதும் வழங்கிய நாதசுவரம் திமிரி எனப்படும் குட்டையான, சுருதி மிகுந்த வகை ஆகும். சுருதியை ஆர்மோனியக் கட்டைகளைக் கொண்டு குறிப்பது வழக்கம். திமிரி ஏறத்தாழ நான்கு, ஐந்து கட்டை அளவில் ஒலிக்கும். திறந்த வெளியில் தொலைவுக்குக் கேட்க இது ஏற்றது. மேடையிலும் ஒலிவாங்கியின் முன்பும் அந்தக் கூர்மை காதை உறுத்தும். இரண்டு, இரண்டரைக் கட்டை அளவில் ஒலிக்கும் நீண்ட பாரி நாதசுவரம் பரவியதில் ராஜரத்தினத்தின் பங்கு பெரிது.

திருவாவடுதுறைக்கு அருகில் உள்ள நரசிங்கம்பேட்டை நாதசுவரம் செய்வதற்குப் பெயர் பெற்ற ஊர். ஆச்சா மரத்தைக் கடைந்து உலவு என்னும் குழலைச் செய்வர். அதன் அடியில் அணசு பொருத்தப்படும். அவ்வூரைச் சேர்ந்த ரங்கநாதன் ஆசாரி 1950களின் நடுவில் துளைகளின் இடத்தையும் அளவையும் மாற்றிப் பாரி நாதசுவரத்தைச் செம்மைப்படுத்தினார். முந்தைய கருவிகளில் சுத்த மத்திமத்தை உதட்டாலும் மூச்சாலும் சரிக்கட்டியே பெற வேண்டியிருந்தது. புதிய அமைப்பில் அது இயல்பாகப் பேசியது. சுத்த மத்திமம் தோடியின் சுரம் என்பதை இங்கு நினைவு கூரலாம். நரசிங்கம்பேட்டை நாதசுவரத்துக்கு 2022 இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

திரைப்படம்

எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி 1940 இல் வெளிவந்த காளமேகம் திரைப்படத்தில் ராஜரத்தினம் கவி காளமேகமாக நடித்தார். திரையுலகில் அவர் நிலைக்கவில்லை.

விடுதலை நாள்

1947 ஆகஸ்ட் 14 அன்று திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் தில்லி சென்ற குழுவினர், ஜவகர்லால் நேருவின் இல்லத்தில் அவருக்குச் செங்கோல் வழங்கினர். அக்குழுவுடன் சென்ற ராஜரத்தினம் அங்கு நாதசுவரம் வாசித்தார். அச்செங்கோல் நெடுங்காலம் அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருந்தது. 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் அது நிறுவப்பட்டபோது, 1947 நிகழ்வு ஆட்சி மாற்றத்தின் அதிகாரப்பூர்வச் சடங்கா, ஆதீனம் அளித்த மரியாதையா என்பது பற்றி விவாதம் எழுந்தது. விவாதத்தின் இரு தரப்பினரும் ராஜரத்தினத்தின் பெயரை மீண்டும் உச்சரிக்க நேர்ந்தது.

மறைவும் பின்வந்தோரும்

ராஜரத்தினம் 1956 டிசம்பர் 12 அன்று சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 58. சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது அவருக்கு வழங்கப்படவில்லை. நாதசுவரத்துக்காக அந்த விருதைப் பெற்றவர் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளை. அவர் பெற்றதும் அதே 1956 ஆம் ஆண்டில்.

ராஜரத்தினத்தின் மாணவர்களுள் முதன்மையானவர் திருநெல்வேலிப் பகுதியைச் சேர்ந்த காருகுறிச்சி அருணாசலம் (1921–1964). 1962 இல் வெளிவந்த கொஞ்சும் சலங்கை திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இவர் வாசித்த நாதசுவரம், சாத்திரிய இசையை அறியாதோரிடமும் இக்கருவியைக் கொண்டு சேர்த்தது.

மற்றொருவர் ஷேக் சின்ன மௌலானா (1924–1999). ஆந்திரத்தில் பரம்பரை நாதசுவரக் குடும்பத்தில் பிறந்த இவர், ராஜரத்தினத்தின் வாசிப்பால் ஈர்க்கப்பட்டுத் தஞ்சைப் பாணியைக் கற்கத் தமிழகம் வந்தார். நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்று, திருவரங்கத்தில் குடியேறி, அங்கு நாதசுவரப் பள்ளி ஒன்றையும் நடத்தினார். 1998 இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். திருமருகலில் ராஜரத்தினம் பிறந்து சரியாக நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.